ஸ்வீடன் எம்/94 கார்பைன்: வாங்குவதிலிருந்து எண்ணெய் பூசி வைப்பது வரை

எம்/94 கார்பைனை (மிகக் குட்டையான குழலுள்ள ராணுவ ரைபிளை) முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவருகிறவர் அன்றைக்கு இரவே உப்புத்தாளைத் தேடுவார். இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன், நானும் அப்படித்தான் தொடங்கினேன். நூறு ஆண்டு தாங்கிய மரத்தை ஒரே மாலையில் கெடுத்துவிடலாம். கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படிக்கும் முன் இன்னொன்று முடிந்திருக்க வேண்டிய காரணம் இருக்கிறது.

இங்கே பேசுவது 6.5×55 மி.மீ. தோட்டாவுக்காக 1894-இல் ஸ்வீடன் ஏற்றுக்கொண்ட மவுசர் வகைக் கார்பைன் பற்றி மட்டும். நீள ரைபிளான எம்/96-க்கும் குட்டை ரைபிளான எம்/38-க்கும் பெரும்பாலான படிகள் பொருந்தும். செயலிழக்கச் செய்யப்பட்ட துப்பாக்கியை மறுபடி சுட வைப்பது எப்படி என்று தேடி வந்திருந்தால், அது இங்கே இல்லை.

1. முதலில் சட்டம், பிறகு பணம்

"பழம்பொருள்" என்ற சொல்லுக்கு நாட்டுக்கு நாடு பொருள் வேறு. அமெரிக்காவில் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டது கூட்டாட்சிச் சட்டப்படி பழம்பொருள். ஸ்வீடனில் அப்படியில்லை. அங்கே உரிமமில்லாமல் வைத்திருக்க 1890-க்கு முன் செய்யப்பட்டதாகவும், குண்டும் மருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஒன்றாகச் சேர்ந்த முழுத் தோட்டா போட்டுச் சுடும் வகையைச் சேராததாகவும் இருக்க வேண்டும். அதனால் எம்/94 பிறந்த மண்ணிலேயே அதற்கு உரிமம் கட்டாயம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழைய ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத ஆயுதத்துக்கு மட்டும்தான் அந்த விலக்கு. நல்ல நிலையில் உள்ள எம்/94 அதில் அடங்காது.

அதனால் வாங்குவதற்கு முன் ரிசீவர் வளையத்தில் (குழலின் பின்முனை பொருந்தும் எஃகுக் கூட்டின் முன்பகுதியில்) பொறித்திருக்கும் ஆண்டைப் படியுங்கள். 1894 முதல் 1896 வரை ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபில் மவுசர் தொழிற்சாலை செய்து தந்தது. 1898-இல் எஸ்கில்ஸ்டுனா நகரத்து கார்ல் குஸ்தாஃப் தொழிற்சாலை தொடங்கியது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஹுஸ்க்வர்னாவும் செய்தது. மவுசர் பெயர் பொறித்தவை எண்ணிக்கையில் குறைவு, விலையும் அதற்கேற்ப ஏறும். ஆண்டை விற்பவர் சொல்லக் கேட்டு நம்பாதீர்கள். படம் அனுப்பச் சொல்லுங்கள்.

2. வாங்கும்போது அளவுகோலும் டார்ச்சும்

எம்/94 குழலின் நீளம் 450 மி.மீ. எம்/38-இன் குழல் 600, எம்/96-இன் குழல் 739. நீள ரைபிளை வெட்டிக் குட்டையாக்கிக் "கார்பைன்" என்று விற்பது பழைய தந்திரம். போல்ட்டை (குழலைப் பின்னாலிருந்து அடைக்கும் எஃகு உருளையை) மூடி, முனை வழியாக ஒரு மரக் குச்சியை விட்டு, அது போல்ட் முகத்தைத் தொட்டதும் முனை அருகே அடையாளமிட்டு அளந்தால் தெரிந்துவிடும். (துப்பாக்கி காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகு மட்டும். இந்த வரியை ஒவ்வொரு படிக்கு முன்னும் எழுதியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.)

போல்ட் கைப்பிடி கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும், மரம் ஏறக்குறைய குழல் முனை வரை போக வேண்டும். முனையில் கத்தி மாட்டும் அமைப்பு இருந்தால் அது எம்/94-14. 1914-இல் வந்த மாற்றம் அது. பார்வைக்கு பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டு ரைபிளின் மூக்கு போலவே இருக்கும். அது இல்லாதது குறையல்ல, இருப்பது கூடுதல் மதிப்பும் அல்ல. இரண்டும் அசல்தான்.

அடுத்து எண்கள். முழு எண் ரிசீவரில் இருக்கும். போல்ட், அதன் உள் பாகங்கள், டிரிகர் கார்டு (விசையைச் சுற்றிய உலோக வளைவு), மேகசின் தட்டு (தோட்டாப் பெட்டியின் அடித்தட்டு) போன்றவற்றில் கடைசி மூன்று இலக்கங்கள் இருக்கும். எல்லாம் ஒன்றானால் விலை வேறு. போல்ட் மட்டும் வேறு எண் என்றால் அதைத் தனியாகப் பேசி விலையைக் குறைக்கச் சொல்லலாம். போல்ட் பொருந்தாத துப்பாக்கியைத் தகுதியுள்ள துப்பாக்கிப் பணியாளர் கேஜ் என்னும் அளவுக் கருவி வைத்து அளக்காமல் சுடவும் கூடாது.

மரத்தின் வலப் பக்கம் ஒரு பித்தளை வட்டு இருக்கலாம். குழலின் உள்விட்டம், உட்புற நிலை, குறிபார்க்கும் திருத்தம் என்று மூன்று செய்திகளை ராணுவ ஆய்வாளர் அதில் குத்தி வைத்திருப்பார். நிலைக்கு உரிய 1, 2, 3 என்ற எண்களில் சிறியதே நல்லது. புதியவர்கள் இதை மருத்துவ அறிக்கை போல நம்புகிறார்கள். நம்ப வேண்டாம். குத்தியது பல பத்தாண்டுகளுக்கு முன், அதன்பிறகு மரம் மாறியிருக்கலாம், வட்டுகள் தனியாகவும் விற்கப்படுகின்றன. போல்ட்டை எடுத்துவிட்டுப் பின்பக்கம் வழியாக டார்ச் அடித்து நீங்களே பாருங்கள்.

கடைசியாக, உதிரிப் பாகம் குறைவதை "பிறகு வாங்கிக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். கார்பைனின் மூக்கு மூடியும் (மரத்தின் முன்முனையை மூடும் உலோகத் துண்டு) மேல்மரமும் (குழலை மேலிருந்து மூடும் மரம்) தனியாகக் கிடைத்தால் விலை திகைக்க வைக்கும். துருப்பிடித்த முழுத் துப்பாக்கி, பளபளக்கும் அரைத் துப்பாக்கியை விட நல்லது.

3. மேசையில் முன்கூட்டியே இருக்க வேண்டியவை

- நுனி இணையாகத் தேய்க்கப்பட்ட ஸ்க்ரூடிரைவர்கள், பல அகலங்களில். வன்பொருள் கடையில் கிடைப்பவை நுனியில் ஆப்பு போலச் சரிந்திருக்கும். திருகும்போது மேலே வழுக்கி ஸ்க்ரூ தலையைக் கிழித்துவிடும்.
- துரு இளக்கும் எண்ணெய், மெல்லிய துப்பாக்கி எண்ணெய்.
- 0000 இரும்புப் பஞ்சு, பித்தளை அல்லது வெண்கலத் தூரிகை.
- குழலைத் துடைக்கப் பின்பக்கத்திலிருந்து விடும் ஒற்றைத் துண்டுக் கம்பியும் அதற்கு வழிகாட்டியும்.
- மினரல் ஸ்பிரிட், அசிட்டோன்.
- பச்சை ஆளிவிதை எண்ணெய். "காய்ச்சியது" என்று எழுதியிருப்பதில் உலர்த்தும் உலோக உப்புகள் சேர்ந்திருக்கும். ஸ்வீடன் படை பூசியது பச்சை எண்ணெய்.
- ஐஸ்கட்டி தட்டு ஒன்று. ஸ்க்ரூ வரிசையை அதில் வைப்போம்.
- நோட்டுப் புத்தகம், கைப்பேசிக் கேமரா.

மணல்தாள் இந்தப் பட்டியலில் இல்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

4. கழற்றுவதற்கு முன் எழுதி வைத்தல்

அரை மணி நேர வேலை, பெரும்பாலானோர் தவிர்ப்பது. ஆறு பக்கமும் படம் எடுங்கள். பிறகு முத்திரைகள் ஒவ்வொன்றையும் விளக்கைச் சாய்த்து வைத்து எடுங்கள். நேராக ஒளி விழுந்தால் தேய்ந்த முத்திரை கண்ணில் படாது, பக்கவாட்டு ஒளியில் எழுந்து நிற்கும்.

பட் பிளேட்டில் (தோளில் பதியும் பின்முனை உலோகத் தகட்டில்) படைப்பிரிவு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஐ என்றால் காலாட்படை, கே என்றால் குதிரைப்படை, ஏ என்றால் பீரங்கிப்படை. பக்கத்தில் ஆயுதக் கொட்டடி எண். ஒரு பிரிவை அடித்துவிட்டு இன்னொன்றை எழுதியிருந்தால் அது கறையல்ல, இடமாற்றச் சான்று. இதைத் துடைத்தெடுக்கும் எந்த வேலையும் கூடாது என்பதை இப்போதே குறித்துக்கொண்டால் பிறகு கை கட்டுப்படும்.

5. கழற்றும் வரிசை

போல்ட் முதலில். போல்ட்டைப் பின்னால் இழுத்து, இடப்பக்கத் தடுப்பை வெளிப்பக்கம் விரித்துப் பிடித்துக்கொண்டே உருவினால் வந்துவிடும். ஆனால் போல்ட்டையும் பிரிக்க விரும்பினால் உருவுவதற்கு முன் ஒரு வேலை. கைப்பிடியை மூடி, துப்பாக்கியைக் கொக்கியேற்றி (சுடும் ஸ்ப்ரிங்கை இறுக்கி), போல்ட்டின் பின்னால் உள்ள பாதுகாப்புச் சிறகை நேராக மேலே நிறுத்துங்கள். அந்த நிலையில் உருவினால் போல்ட்டின் பின்தொப்பி கையால் எளிதாகச் சுழன்று வரும். சிறகை நிறுத்தாமல் உருவிவிட்டு, இறுக்கிய ஸ்ப்ரிங்குடன் மல்லுக்கட்டுகிற புதியவர்கள் எண்ணிலடங்கார்.

வெளியே எடுத்த பகுதியில் உள்ள, தோட்டாவை அடிக்கும் ஊசியின் நுனியை மரக் கட்டை மேல் நட்டு, அழுத்திப் பிடித்தபடி பின் துண்டைக் கால் சுற்று திருப்பினால் கழன்று வரும். இரும்பு மேசையில் நட்டால் நுனி மழுங்கும். ஸ்ப்ரிங்கை மெல்ல விடுங்கள், கண்ணாடி அணிந்திருங்கள்.

அடுத்து மேகசின் தட்டு. கீழ்த்தட்டில் ஒரு துளை இருக்கும். கூரிய மரக்குச்சியால் அழுத்திப் பின்னால் நகர்த்தினால் தட்டு, ஸ்ப்ரிங், தூக்கி (தோட்டாவை மேலே தள்ளும் துண்டு) மூன்றும் வரும். ஸ்ப்ரிங் எந்தப் பக்கம் எதை நோக்கி இருந்தது என்பதற்கு ஒரு படம் எடுத்து வைத்தால் பின்னால் குழப்பமில்லை.

அதன்பின் முன்பக்கம். மூக்கு மூடி, வளையம் என்று முனையிலிருந்து உள்ளே வாருங்கள். வளையம் அசையவில்லை என்றால் அடிக்காதீர்கள். துளி எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள். அடித்தவர் மரத்தில் ஒரு கீறலை அச்சடித்து வைப்பார், அது நிரந்தரம். மேல்மரம் அப்பளம் போல மெல்லியது. அதை ஓரத்தில் பிடித்து நெம்பாமல் நீளம் முழுக்கக் கையால் தாங்கித் தூக்குங்கள்.

கடைசியாக டிரிகர் கார்டின் இரண்டு ஸ்க்ரூக்கள். பின் ஸ்க்ரூ போகும் துளைக்குள் ஒரு சிறு உலோகக் குழாய் இருக்கும். அது நழுவி விழுந்ததைக் கவனிக்காமல் குப்பையோடு கூட்டித் தள்ளியவரை எனக்குத் தெரியும். அது இல்லாமல் முறுக்கினால் மரம் நசுங்கும், போல்ட் சிக்கும். இரண்டு ஸ்க்ரூவும் வந்ததும் குழலோடு ரிசீவரை நேராக மேலே எடுங்கள். சாய்த்தால் ரிசீவர் வாலுக்குப் பின்னால் மரம் பெயரும். அந்த இடத்தில்தான் ஏற்கெனவே மயிரிழை விரிசல் காத்திருக்கும்.

6. குழலின் உட்புறம்

உலோகத்தின் வெளிப்புறத்துக்கு முன் உட்புறம், ஏனென்றால் இங்கே நீர் ஊற்றுவோம். வெளியே எண்ணெய் பூசிய பிறகு நீர் ஊற்றினால் செய்த வேலை வீண்.

பழைய தோட்டாக்களின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்தபின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு, உப்புக்குத் தம்பி. காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துருவைப் பெருக்கும். எண்ணெயில் அது கரையாது. மேலே எண்ணெய் பூசினால் உப்பை மூடி வைத்தது போலாகும். கொதிக்கும் நீர்தான் மருந்து. பின்பக்கத்திலிருந்து புனல் வைத்து ஊற்றுங்கள். குழல் சூட்டிலேயே ஈரம் ஆவியாகும், மிச்சத்தை உலர்ந்த துணியால் துடைத்தெடுங்கள்.

பிறகு வெண்கலத் தூரிகை, துணி, தாமிரம் கரைக்கும் திரவம் என்று மாறி மாறி. கம்பியை எப்போதும் பின்பக்கத்திலிருந்து விடுங்கள். முனையிலிருந்து விட்டால் கம்பி உராய்ந்து முனை விளிம்பு வட்டமாக இராது. துல்லியம் அங்கேதான் போகிறது. நீலமாக வரும் துணி வெள்ளையாக வரும்வரை செய்ய ஒரு வாரம்கூடப் பிடிக்கும். அம்மோனியா கலந்த திரவத்தை இரவு முழுக்க ஊறவிடாதீர்கள்.

புரிகளின் (குழலுக்குள் உள்ள சுருள் வரிகளின்) மூலையில் கருமை தெரிந்தால் பதறவேண்டாம், இத்தனை வயதில் அது இயல்பு. குழிகள் ஆழமாக இருந்தால் எந்தத் தூரிகையாலும் நிரப்ப முடியாது. குழலை மாற்றும் எண்ணம் வந்தால் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு டீ குடித்து வாருங்கள்.

7. வெளி உலோகம்: துருவும் ப்ளூயிங்கும் ஒரே குலம்

இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொண்டால் பாதித் தவறு குறையும். குழலிலும் ரிசீவரிலும் உள்ள கருநீலப் பூச்சு பெயிண்ட் அல்ல, கட்டுப்படுத்தி வளர்த்த இரும்பு ஆக்சைடு. சிவப்புத் துருவும் இரும்பு ஆக்சைடுதான். வினிகர், பாஸ்பாரிக் அமிலம், கடையில் கிடைக்கும் "துரு நீக்கி" எதுவும் இரண்டையும் பிரித்தறியாது. தோய்த்தெடுத்தால் துரு போகும், கூடவே நூறாண்டுப் பூச்சும் போய் இரும்பு வெள்ளையாக நிற்கும்.

எனவே மிகக் குறைந்த வன்மையிலிருந்து தொடங்குங்கள். எண்ணெய் பூசி மூன்று நாள் விட்டு, மரச் சீவலாலோ பித்தளைச் சில்லாலோ மெல்லச் சுரண்டுங்கள். பித்தளை எஃகை விட மென்மை, பூச்சைக் கீறாது. பிறகும் மிஞ்சினால் எண்ணெய் நனைத்த 0000 பஞ்சு. உலர்ந்த பஞ்சை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

துரு அகலமாகப் படர்ந்திருந்தால் வேறு முறை. பாகத்தின் எண்ணெயை முழுக்க நீக்கி, எஃகுத் தொட்டியில் வாலை வடித்த நீரில் இருபது நிமிடம் கொதிக்க வையுங்கள். சிவப்புத் துரு மேக்னடைட் என்னும் கருப்பு ஆக்சைடாக மாறும். எடுத்து, உலர்ந்ததும், மென் கம்பித் தூரிகையால் கரிப் பொடியைத் தட்டிவிட்டு எண்ணெய் பூசினால் பழைய பூச்சோடு ஒத்துப்போகும் கருமை நிற்கும். குழாய் நீர் வேண்டாம், அதன் சுண்ணாம்பு திட்டுத்திட்டாகப் படியும். நான் இதை முதலில் ஒரு ஸ்க்ரூவில்தான் செய்து பார்த்தேன். நீங்களும் ஸ்க்ரூவில் தொடங்குங்கள்.

போல்ட்டுக்கு இந்த முறை வேண்டாம். அது தொழிற்சாலையிலேயே பூச்சில்லாத வெள்ளை எஃகு. எண்ணெய்த் துணியால் தேய்த்தால் போதும். மோட்டார் சக்கரத்தில் பிடித்துக் கண்ணாடியாக்கியவர்களின் போல்ட்டில் கிரீடமும் எண்ணும் மழுங்கி, எழுத்தின் ஓரம் சோப்பு போலக் கரைந்திருக்கும். அறிந்தவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்து விலையைக் குறைப்பார்.

குளிர் ப்ளூயிங் திரவத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு கீறலுக்குச் சரி. முழுக் குழலுக்குப் பூசினால் வேறு நிறம், வேறு மணம், சில மாதத்தில் வேறு துரு.

8. மரம்: வரிசை மாறினால் எல்லாம் போச்சு

ஸ்வீடனின் கட்டைகளில் முந்தியவை பெரும்பாலும் வால்நட், பிறகு பீச் அதிகம். எந்த மரமானாலும் வரிசை இது: அழுக்கு, ஆவி, உலர்த்தல், பசை, எண்ணெய்.

முதலில் அழுக்கு. மினரல் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். கொழகொழவென்ற கிரீஸ் உள்ளே ஊறியிருந்தால் கருப்புப் பையில் சுற்றி வெயிலில் வைத்து, கசிவதைத் துடைத்துத் துடைத்து எடுக்கலாம். சமையலறை அடுப்புக்கான காரத் திரவம் வேண்டாம். அது மரத்தின் நிறத்தைச் சாம்பலாக்கி நார்களை எழுப்பிவிடும்.

அடுத்து பள்ளங்கள். நார் நசுங்கிய பள்ளம் ஆவியில் எழும், நார் அறுந்த வெட்டு எழாது. ஈரத் துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியின் நுனியால் சில நொடி அழுத்துங்கள். மூன்று நான்கு தடவைக்கு மேல் போகாதீர்கள். முத்திரைக்கு அருகில் ஆவியே கூடாது. முத்திரையும் நசுங்கிய நார்தான், பள்ளம் எழுவது போல அதுவும் எழுந்து மறைந்துவிடும். என் முதல் கார்பைனில் கிரீட முத்திரையின் பாதியை இப்படித்தான் இழந்தேன். அப்போது உப்புத்தாளும் கையில் இருந்ததால் மீதிப் பாதியும் போனது.

விரிசலுக்குப் பசை இதன்பிறகுதான். எபாக்சியும் தோல் பசையும் சூட்டில் இளகும், அதனால் ஒட்டிவிட்டு ஆவி பிடித்தால் பிரியும். ஒட்டும் முன் விரிசலுக்குள் அசிட்டோன் விட்டு எண்ணெயை வெளியேற்றுங்கள். எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. ஒட்டியதும் ரப்பர்ப் பட்டையால் கட்டி ஒரு நாள் விடுங்கள், மேலே வழிந்ததை உடனே துடையுங்கள்.

எண்ணெய் கடைசி. பச்சை ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையில் சில துளி எடுத்துச் சூடு பறக்கத் தேயுங்கள். இருபது நிமிடத்தில் மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிசின் போல ஒட்டும், பிறகு ஸ்பிரிட் வைத்துக் கழுவ வேண்டிவரும். நான்கைந்து நாளுக்கு ஒரு பூச்சாக மூன்று அல்லது நான்கு போதும். வார்னிஷ் வேண்டாம், பளபளப்பு இந்தத் துப்பாக்கிக்கு உரியதல்ல.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளியிடும், சுருட்டிய துணி தானே பற்றிக்கொள்ளும். வெளியே ஒற்றை மடிப்பாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீர் நிரம்பிய தகர டப்பாவில் போடுங்கள்.

9. திரும்பப் பூட்டுதல்

கழற்றிய வரிசையின் தலைகீழ். இரண்டு இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ஐந்தாம் படியில் சொன்ன அந்தச் சிறு உலோகக் குழாயைப் பின் துளையில் போட்டுவிட்டு, முன் ஸ்க்ரூவை முதலில் முழுக்க முறுக்குங்கள், பிறகு பின் ஸ்க்ரூ. ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் போல்ட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். சிக்கினால் நிறுத்துங்கள். முன் ஸ்க்ரூ வேறு துப்பாக்கியிலிருந்து வந்ததாக இருந்து ஒரு மயிரிழை நீளமானாலும் போல்ட்டைத் தடுக்கும்.

உள்மரம் தொடும் குழலின் அடிப்பக்கத்தில் எண்ணெய்ப் படலம் தடவ மறந்துவிடாதீர்கள். மூடிய பிறகு அந்த இடத்தை யாரும் பார்ப்பதில்லை, துருவோ அங்கிருந்துதான் கிளம்பும்.

சுடும் எண்ணம் இருந்தால் ஒரு சொல். 6.5×55 தோட்டா இன்றும் தயாராகிறது. ஐரோப்பாவில் சில வகைகள் பிற்கால, உறுதியான துப்பாக்கிகளுக்கான அழுத்தத்தில் வருகின்றன. 1890-களின் எஃகுக்குப் பொருத்தமானது எது என்பதையும், போல்ட்டும் குழல் அறையும் சேரும் இடைவெளியையும் தகுதியுள்ளவர் அளந்து சொன்ன பிறகே தொடுங்கள்.

10. வைக்கும் இடம், முதல் இரண்டு வாரம்

தோலுறையிலும் பஞ்சு வைத்த பெட்டியிலும் நீண்ட நாள் வைக்காதீர்கள். பதனிட்ட தோல் அமிலத்தையும் பஞ்சு ஈரத்தையும் வைத்துக்கொண்டிருக்கும். திறந்த தாங்கியில், பூட்டிய அலமாரிக்குள், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வையுங்கள். போல்ட்டைத் தனியாகப் பூட்டி வைப்பது என் வழக்கம்.

பதினைந்து நாள் கழித்து வெளியே எடுத்துப் பாருங்கள். கைரேகை இருந்த இடத்தில் செம்புள்ளி தெரிந்தால் எண்ணெய் தொட்டுத் துடையுங்கள். குழலுக்குள் ஒரு வெள்ளைத் துணியை விட்டு எடுங்கள். பழுப்பாக வந்தால் உப்பு இன்னும் மிச்சமிருக்கிறது, ஆறாம் படியின் கொதிநீருக்குத் திரும்புங்கள்.